ஆபீசர் கேப்பாரு

டிரைவரம்மாவை நாற்பது வயதுவரை யாரும் பெண் கேட்டு வரவில்லை. அதற்காக அவள் மூலையில் உட்கார்ந்து மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள் என்று நினைத்துவிடாதீர்கள். அவளுக்கு ஏது நேரம்? சிறுமியாக அப்பா அம்மாவோடு இந்த நாட்டுக்கு வந்தவள். அம்மா சீக்கிரமே போய்ச் சேர்ந்தாள். அப்பா படுக்கையில் விழுந்தார். விழுந்தவர் எழுந்திருக்கவும் இல்லை, சட்டென்று போகவும் இல்லை. அவரைக் குளிப்பாட்டி, சோறூட்டி, பக்கத்து ஃபிளாட்காரியிடம் சாவியைக் கொடுத்துவிட்டு டவுன் பஸ் ஓட்டப் போவாள். அப்பா கண்ணை மூடியபோது அவளுக்குத் தலை பாதி நரைத்திருந்தது. குடியுரிமை இருந்தது, நிரந்தர வேலை இருந்தது, வீட்டுக்குள் நுழைந்தால் பேச்சுத்துணைக்கு மட்டும் ஆள் இல்லை.

இதை மோப்பம் பிடித்துக்கொண்டுதான் பல் டாக்டர் வீட்டம்மா வந்தாள்.

பல் டாக்டர் வீட்டம்மா என்றால் அந்த ஊரில் நம் பேச்சுப் பேசுகிற குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் தெரியும். பெரிய வீடு, பெரிய கார், அதைவிடப் பெரிய வாய். கடல் தாண்டி அவளுக்கு ஒரு தம்பி இருந்தான். மருந்துக் கடையில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிற வேலை. அவனை எப்படியாவது இங்கே இழுத்துவிட வேண்டும் என்று பல வருஷமாகத் தலைகீழாக நின்று பார்த்தாள். சட்டம் இடம் கொடுக்கவில்லை. அக்கா தம்பியைக் கூப்பிட்டுக்கொள்ள வழியில்லை. மனைவி கணவனைக் கூப்பிட்டுக்கொள்ளலாம். சரி, ஒரு மனைவியைப் பிடித்துவிட்டால் போயிற்று என்று கிளம்பிவிட்டாள்.

"தங்கமான பையன்மா. அதிர்ந்து ஒரு வார்த்தை பேச மாட்டான். உன்னை உள்ளங்கையில வச்சுத் தாங்குவான், பாரு."

டிரைவரம்மா லீவு போட்டு, விமானம் ஏறிப் போய், கல்யாணம் பண்ணிக்கொண்டு வந்தாள். வந்த கையோடு வக்கீலைப் பிடித்து, புருஷனுக்கு நிரந்தரமாகத் தங்கும் பேப்பர் கேட்டு ஸ்பான்சர் விண்ணப்பம் போட்டாள். முடிவு தெரிகிறவரை மனைவியோடு தங்கியிருக்கலாம் என்று அவனுக்குத் தற்காலிக அனுமதி கிடைத்தது. வேலைக்குப் போகத்தான் கூடாது. ஒரு பெட்டியோடு வந்து இறங்கினான்.

உண்மையிலேயே அதிர்ந்து பேசாத ஆள்தான். அவள் படியேறி வருகிற சத்தம் கேட்டால் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நிற்பான். கையில் இருக்கிற பையை வாங்கிக்கொள்வான். மறைப்பானேன், அவளுக்கு அவனை ரொம்பப் பிடித்துப்போனது. டெப்போவில் நம் பேச்சுக்காரன் ஒரு மெக்கானிக் உண்டு. "என்ன டிரைவரம்மா, இப்பல்லாம் சிக்னல்ல நிக்கும்போது தானா சிரிக்கிறீங்களாமே?" என்று வம்பிழுத்தான். "உன் வேலையைப் பாரு" என்று அதட்டிவிட்டு, அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தாள்.

ஒரே ஒரு விஷயம்தான் அவளுக்கு உறுத்தியது. கடைத்தெருவில் நாத்தனாரின் சிநேகிதிகள் யாராவது எதிர்ப்பட்டு, "இவங்க யாரு?" என்று கேட்டால், "தெரிஞ்சவங்க" என்பாள் அந்த அம்மாள். தம்பி பொண்டாட்டி என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்ததே கிடையாது. போகட்டும், பெரிய இடம், கொஞ்சம் கூச்சம் இருக்கும் என்று டிரைவரம்மா விட்டுவிட்டாள்.

குளிர்காலத்தில் ஒரு நாள் வேறொரு டிரைவருக்கு உடம்பு சரியில்லை என்று அவளை அவன் தடத்தில் மாற்றிப் போட்டார்கள். பல் டாக்டர் வீட்டம்மாவின் கார் அன்றைக்கென்று பார்த்து ஒர்க்‌ஷாப்பில் கிடந்தது. காதில் ஃபோனை வைத்தபடியே பஸ்ஸில் ஏறினாள், டிரைவருக்கு நேர் பின்னால் இருக்கிற சீட்டில் உட்கார்ந்தாள். பஸ் டிரைவரின் முகத்தை யார் பார்க்கிறார்கள்? கம்பளித் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, நடுவில் ஒரு தடுப்பு. உள்ளே இருப்பது மனுஷியா மரக்கட்டையா என்று ஒருத்தருக்கும் கவலை இல்லை. போதாக்குறைக்கு நம் ஆட்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு: அந்நிய ஊர் பஸ்ஸில் ஏறிவிட்டால் சுற்றியிருப்பவர்களுக்குக் காதே கிடையாது. சொந்த வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பேச வேண்டியதையெல்லாம் அங்கே ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுவார்கள்.

"பஸ்ஸுலதான் போறேன். பரவால்ல, பேசு. இங்க யாருக்கு நம்ம பேச்சு புரியப்போவுது?"

டிரைவரம்மா முதலில் சிரித்துக்கொண்டாள். நாத்தனார் இறங்கும்போது கண்ணாடியைக் கழற்றி ஒரு குரல் கொடுத்துத் திடுக்கிட வைக்கலாம் என்று நினைத்தாள்.

"தம்பியா? இருக்கான், அந்த பஸ்காரி வீட்டுல. வேற வழி? பேப்பர் கைக்கு வரட்டும். வந்து கொஞ்ச நாள் போனதும், ஒத்துவரலன்னு சொல்லிட்டு நம்ம வீட்டு மாடிக்கு வந்துட வேண்டியதுதான். பொண்ணுகூட ஒண்ணு மனசுல வச்சிருக்கேன். சின்ன வயசு, லட்சணமா இருக்கா. பாவமா? இதுல என்ன பாவம்? இந்த வயசுக்கு மேல அவளை யாரு கட்டப்போறா? கொஞ்ச நாளாவது புருஷன்னு ஒருத்தன் கூட இருந்தான்ல, அந்த மட்டுக்கும் லாபம்னு நெனச்சுக்கட்டும்."

மறுமுனையில் என்ன கேட்டார்களோ, பல் டாக்டர் வீட்டம்மா சிரித்தாள். "அவனா? நான் கிழிச்ச கோட்டைத் தாண்ட மாட்டான்."

டிரைவரம்மா சிவப்புக்கு நின்றாள், பச்சைக்கு எடுத்தாள். குழந்தை வண்டியோடு காத்திருந்தவளுக்காக பஸ் வாசலின் சாய்வுப் பலகையை இறக்கினாள், ஏற்றினாள். நாத்தனார் இறங்கும்போது அந்த நாட்டுப் பேச்சில் நன்றி சொன்னாள், முகத்தைப் பார்க்காமல். டிரைவரம்மா தலையை ஆட்டினாள். வண்டியை டெப்போவில் விட்டதும் கழிவறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு அழுதாள். நன்றாக அழுதாள். அழுது முடித்து முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தவள் வேறு ஆள்.

புருஷனிடம் நேராகக் கேட்டிருக்கலாமே என்று உங்களுக்குத் தோன்றும். கேட்டால் என்ன சொல்வான்? சத்தியமாக இல்லை என்பான். கூட்டுக் களவாணியாக இருந்தாலும் அதைத்தான் சொல்வான், ஒன்றும் அறியாதவனாக இருந்தாலும் அதைத்தான் சொல்வான். பேப்பர் வேண்டியிருக்கிறவன் வாயிலிருந்து வேறென்ன வரும்? அன்று மாலை அவன் கதவைத் திறந்துகொண்டு நின்றபோது பையை அவனிடம் கொடுத்தாள். அவன் முகத்தை உற்றுப் பார்த்தாள். அது எப்போதும்போல சாதுவாக இருந்தது. 

மறுநாள் வக்கீலிடம் தனியாகப் போனாள்.

"முடிவு வர்றதுக்குள்ள நீங்க எப்ப வேணும்னாலும் விலகிக்கலாம்" என்றார் வக்கீல். "ஒரு வரி எழுதிக் குடுத்தாப் போதும், அவர் ஊரைப் பாத்துக் கிளம்ப வேண்டியதுதான். முடிவு வந்துட்டா அப்புறம் உங்க கையில ஒண்ணுமே இல்ல. அவர் உங்களை விட்டுப் போனாலும், சில வருஷத்துக்கு அவரைக் காப்பாத்துற பொறுப்பு உங்களோடது. கையெழுத்து போட்டிருக்கீங்க."

"வேற ஒருத்திகூட இருந்தாலும் சோறு நான் போடணுமா?"

வக்கீல் பேனாவை மூடி மேஜையில் வைத்தார். "கேக்க நல்லா இல்ல, ஆனா அப்படித்தான்."

அப்போதே விலகியிருக்கலாம். அவளுக்கு அது போதவில்லை. இன்றைக்கே அறுத்துவிட்டால் அக்காவும் தம்பியும் நாலு நாள் புலம்பிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். குடியேற்ற ஆபீசில் இருவரையும் கூப்பிட்டு விசாரிக்கிற நேர்காணல் நாள் வரட்டும், எல்லாம் முடிந்தது என்று அவர்கள் பெருமூச்சு விடுகிற நேரத்தில் அறுக்க வேண்டும். அதுவரை இரண்டு பேரையும் ஆட்டிப்படைக்க வேண்டும். அதற்கு அவளிடம் அருமையான ஒரு சாக்கு இருந்தது. கல்யாணம் நிஜக் கல்யாணம்தான் என்று ஆபீசரை நம்பவைக்க வேண்டும் அல்லவா?

முதலில் நாத்தனார். டெப்போவில் டிரைவர்கள் குடும்பத்தோடு கூடுகிற மதியச் சாப்பாடு ஒன்று வந்தது.

"அண்ணி, நீங்க கட்டாயம் வரணும். புருஷன் வீட்டு ஆளுங்களோட எடுத்த ஃபோட்டோ எங்கன்னு ஆபீசர் கேப்பாரு."

பல் டாக்டர் வீட்டம்மா வந்தாள். எண்ணெய்க் கறை படிந்த தரையில் புது செருப்பைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தாள். டிரைவரம்மா அவளை பஸ்ஸுக்கு முன்னால் நிறுத்தி, "இன்னும் கிட்ட வாங்க அண்ணி, தோள்ல கை போடுங்க. சிரிக்கணும். இப்படி இருந்தா ஆபீசர் நம்ப மாட்டாரு" என்று படம் எடுக்க வைத்தாள். மெக்கானிக் வேண்டுமென்றே நாலைந்து தரம் எடுத்தான்.

அடுத்தது கடிதம். குடும்பத்தில் மூத்தவர் ஒருவர், இந்தத் தம்பதியைப் பற்றித் தன் கைப்பட எழுதித் தர வேண்டும். நாத்தனார் அரைப்பக்கம் எழுதி அனுப்பினாள். டிரைவரம்மா ஃபோன் பண்ணினாள்.

"அண்ணி, அன்புங்கிற வார்த்தை ஒரே இடத்துலதான் வருது."

"அதுக்கு என்னம்மா?"

"வக்கீல் பத்தாதுங்கறாரு. என்னைப் பத்தியும் ஒண்ணுமே காணோமே? எங்க வீட்டுக்கு இப்படி ஒரு பொண்ணு கெடச்சது எங்க பாக்கியம், அது மாதிரி ஏதாவது போடுங்க. நான் சொல்லக் கூடாது, உங்களுக்கே தெரியும்."

வக்கீல் அப்படி எதுவும் சொல்லவில்லை. அவர் கேட்டது அரைப்பக்கம்தான். கடிதம் மூன்று தரம் திரும்பிப் போய், கடைசியில் முழுதாக இரண்டு பக்கம் பாக்கியத்தோடு வந்து சேர்ந்தது. டிரைவரம்மா அதைப் படித்துவிட்டுத் தனியாகச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில் சந்தோஷம் கொஞ்சம்கூட இல்லை.

ஒரு விடுமுறை நாளில் நாத்தனார் வீட்டுக்குப் போனபோது மாடியில் புது பெயின்ட் வாசனை அடித்தது. ஏறிப் பார்த்தாள். புதுக் கட்டில், புதுத் திரைச்சீலை. "வாடகைக்கு விடலாம்னு இருக்கோம்" என்றாள் பின்னாலேயே ஓடிவந்த நாத்தனார். "நல்ல ஐடியா அண்ணி" என்றாள் டிரைவரம்மா. கீழே இறங்கி வந்து, அவர்கள் கொடுத்த காபியை ஒரு சொட்டு விடாமல் குடித்தாள்.

இனி தம்பிக்காரன். அக்கா கைச்சோறு தின்று வளர்ந்த அவனுக்கு அடுப்பு எந்தப் பக்கம் திரும்பும் என்றுகூடத் தெரியாது.

"வீட்டுல யாரு சமைக்கிறாங்கன்னு ஆபீசர் கேப்பாரு. ரெண்டு பேரையும் தனித்தனியா கேப்பாரு. நான் வேலைக்குப் போறவ, நீங்க வீட்டுல இருக்கறவர். நான்னு சொன்னா நம்புவாரா? நீங்கதான்னு சொல்லணும். பொய் சொல்லி மாட்டிக்கக் கூடாதுல்ல, அதனால நெஜமாவே நீங்களே சமைச்சிடுங்க."

சமைத்தான். கருக்கினான், குழைத்தான், கையைச் சுட்டுக்கொண்டான், பிறகு படிந்து வந்தது. விடியலில் அவளுக்கு முன்னால் எழுந்து காபி போட்டான். சீருடையை இஸ்திரி போட்டான். அவளுடைய தடத்தில் இருக்கிற நிறுத்தங்களை வரிசையாக மனப்பாடம் பண்ணச் சொன்னாள், பண்ணினான். சாப்பாட்டு மேஜையில் அவளே ஆபீசராக உட்கார்ந்து கேள்வி கேட்பாள். ஒரு தப்பு வந்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். நல்லா இருக்கு என்ற வார்த்தை மட்டும் அவள் வாயில் வரவே இல்லை.

"உங்க மனைவிக்கு எந்தக் கால் வலிக்கும்?"

"வலது கால். பிரேக் பிடிக்கிற கால்."

"இது நான் சொல்லிக் குடுக்கலையே."

"படி ஏறும்போது அந்தக் காலைக் கொஞ்சம் தாமதமா வைக்கிற" என்றான். எழுந்து போய்த் தைலம் எடுத்துவந்து, தரையில் உட்கார்ந்து தேய்த்துவிட்டான்.

அந்தத் தைலத்தில்தான் அவள் தவித்துப்போனாள். கண்ணை மூடினால் சுகமாக இருந்தது. திறந்தால் புதுக் கட்டிலும் திரைச்சீலையும் தெரிந்தன. இவன் காலைத் தேய்க்கிறானா, பேப்பரைத் தேய்க்கிறானா? நடிக்கிறவன் இவ்வளவு பொறுமையாகத் தேய்ப்பானா? நடிக்கிறவன்தானே பொறுமையாகத் தேய்ப்பான்? அவனாகவே மத்தியானம் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு அவள் பஸ்ஸில் ஏறிக் கடைசி நிறுத்தம்வரை வரத் தொடங்கியபோதும் இதே கதைதான். மற்ற டிரைவர்கள் பொறாமைப்பட்டார்கள். அவள் ஒவ்வொரு கவளத்தையும் சந்தேகத்தோடு விழுங்கினாள். இதற்கும் சேர்த்து அவன்மேல் ஆத்திரம் வந்தது. ஒரு வாய்ச் சோற்றை நிம்மதியாகத் தின்னவிடாமல் பண்ணிவிட்டார்களே, பாவிகள்.

நேர்காணல் நாள் வந்தது. இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டையில் அவன் மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தான். வரிசையாக நாற்காலிகள், சுவரில் ஓசையில்லாத டிவி, கையில் கோப்புகளோடு ஜோடி ஜோடியாக மனிதர்கள். முதலில் அவனைக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தபோது முகம் மலர்ந்திருந்தது.

"எல்லாம் சரியா சொல்லிட்டேன். நிறுத்தம்கூட வரிசையா சொன்னேன், அந்தம்மாவுக்கே சிரிப்பு வந்துடுச்சு. நீ போ, பயப்படாத" என்று அவளுடைய கைப்பையை வாங்கி மடியில் வைத்துக்கொண்டான்.

உள்ளே இருந்த ஆபீசர் அவள் வயதுக்காரிதான். ஜலதோஷம் பிடித்து மூக்கு சிவந்திருந்தது. வீட்டு விலாசம், கல்யாண நாள் எல்லாம் கேட்டு முடித்தாள். கணவர் அழகாகப் பதில் சொன்னார் என்று சொல்லி, கோப்பை மூடப் போனாள்.

டிரைவரம்மா, ஸ்பான்சரிலிருந்து விலகிக்கொள்கிறேன் என்றாள்.

ஆபீசர் நிமிர்ந்தாள். யாராவது மிரட்டினார்களா? இல்லை. அப்படியானால் இந்தக் கல்யாணம் பொய்யா? டிரைவரம்மா அந்த நாட்டுப் பேச்சில் பதில் சொன்னாள்: "என் பக்கம் நிஜம். நான் என் பக்கத்துக்குத்தான் கையெழுத்துப் போட முடியும்." ஒரு தாள் கொடுத்தார்கள். ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.  பெரிய வண்டியை ஒடுக்கமான திருப்பத்தில் கோடு படாமல் வளைத்துவிட்ட திருப்திதான் இருந்தது.

புருஷனிடம் போவதற்கு முன்னால், நடைவழியில் நின்று நாத்தனாருக்கு ஃபோன் பண்ணினாள். இந்த நிமிஷத்துக்காகத்தானே இத்தனை நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

"என்னம்மா, முடிஞ்சுதா? கெடச்சுடும்ல?"

"அண்ணி, மாடி ரூமை வாடகைக்கே விட்டுடுங்க."

"என்ன சொல்ற?"

"நான் விலகிட்டேன். உங்க தம்பியை நீங்களே திருப்பி எடுத்துக்கங்க. கொஞ்ச நாளாவது பொண்டாட்டின்னு ஒருத்தி கூட இருந்தால்ல, அந்த மட்டுக்கும் லாபம்னு நெனச்சுக்கட்டும். பஸ்ஸுல போகும்போது மெதுவா பேசுங்க அண்ணி. வண்டி ஓட்டுறவங்களுக்கும் காது இருக்கு."

 ஊரையே வாயால் வளைத்த பல் டாக்டர் வீட்டம்மாவுக்கு வாயடைத்துப் போனது. அந்த மௌனத்தை டிரைவரம்மா நின்று நிதானமாகக் கேட்டாள், ஆசை தீரக் கேட்டாள். பிறகு ஃபோனை வைத்துவிட்டு அவனிடம் வந்தாள்.

பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். அந்த பஸ், அந்த ஃபோன், மாடிக் கட்டில், சற்றுமுன் போட்ட கையெழுத்து.  அவன் முகத்திலிருந்து எதையும் படிக்க முடியவில்லை.

"எப்ப கேட்ட அதை?"

"குளிர் காலத்துல."

"அதுக்கு அப்புறம்தான் சமைக்கச் சொன்னியா?"

"ஆமா."

"நிறுத்தமெல்லாம் மனப்பாடம் பண்ணச் சொன்னது?"

"அதுவும்தான்."

அவன் தலையை ஆட்டிக்கொண்டான். எதிர் வரிசையில் ஒரு ஜோடி பெயர் கூப்பிட்டதும் எழுந்து, சட்டையைச் சரிபார்த்துக்கொண்டு உள்ளே போனது. அப்போதுதான் டிரைவரம்மாவுக்கு ஒன்று உறைத்தது. இனி இவனுக்குத் தன்னிடமிருந்து எதுவும் ஆகவேண்டியதில்லை. இனி இவன் எது சொன்னாலும் நம்பலாம். நாத்தனாரை வாயடைக்க வைத்தது கொசுறு. உண்மையில் இதைக் கேட்கத்தான் அவள் இத்தனை நாள் துடித்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே பொய் சொல்லி உங்களுக்கு ஒண்ணும் கெடைக்கப் போறதில்ல" என்றாள். குரல் அவளுக்கே கெஞ்சலாகக் கேட்டது. "நெஜத்தைச் சொல்லுங்க. பேப்பர் வந்திருந்தா என்னை விட்டுட்டுப் போயிருப்பீங்களா?"

அவன் அவளை நன்றாகத் திரும்பிப் பார்த்தான். கல்யாணம் ஆனதிலிருந்து அவள் காணாத ஒரு பார்வை அது.

"அதுக்கு பதில் எனக்குத் தெரியும்" என்றான். "சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"உன் கையில இருந்ததை நீ எனக்குக் குடுக்கல. என் கையில இருக்கறது இது ஒண்ணுதான்."

அதிர்ந்து பேசவில்லை. மடியில் இருந்த கைப்பையை அவளிடம் கொடுத்துவிட்டு, எழுந்து லிஃப்ட் பக்கம் நடந்தான்.

நாட்டை விட்டுப் போக ஆபீசில் கொடுத்த கெடு முடிவதற்குள் ஊருக்குக் கிளம்பிப் போனான். அக்கா வீட்டுக்கும் போகவில்லை, அவளிடம் ஒரு கடுஞ்சொல்லும் சொல்லவில்லை. பல் டாக்டர் வீட்டம்மா இப்போது அவளைத் தெருவில் கண்டால் எதிர்ப்பக்கம் தாண்டிப் போய்விடுகிறாள். ஆரம்பத்தில் டிரைவரம்மாவுக்கு அது இனித்தது. இப்போது கவனிப்பதுகூட இல்லை. மாதத்துக்கு ஒரு தரமாவது அவனுக்கு ஃபோன் பண்ணுகிறாள். எடுக்காமல் இருக்க மாட்டான். மருந்துக் கடையில் திரும்பவும் சேர்ந்துவிட்டதைச் சொன்னான், கடை முதலாளியைப் பற்றிச் சொல்வான், எது கேட்டாலும் பொறுமையாகச் சொல்வான். கடைசியில் அவள் அந்தக் கேள்விக்கு வருவாள்.

"வேற என்ன விசேஷம்?" என்பான் அவன்.

ஒரு தடவையாவது அவன் கத்தினால் தேவலை என்றிருக்கிறது அவளுக்கு. அவன் கத்துவதில்லை.